புதிய லாரிகளில் மட்டும் ஆர்பிஎம் மூன்று நொடி தாமதம்: கர்னலின் கேன் பகுதியில் எங்கே தேடுவது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கம். மாமாவின் லாரிகள் பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு திருச்சூர் பக்கம் ஓடுகின்றன. எல்லா வண்டியிலும் லினக்ஸ் ஓடும் சின்னப் பெட்டி ஒன்றை நானே மாட்டியிருக்கிறேன். ஒற்றை கோர் ஆர்ம் போர்டு, வண்டியின் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் கம்பியான கேன் பஸ் 250 கிலோபிட், அதில் ஓடுவது ஜே1939 என்ற லாரிகளுக்கான செய்தி முறை. ஆர்பிஎம், கூலன்ட் சூடு, ஆயில் பிரஷர் எல்லாம் டிரைவர் போனில் தெரியும்.

போன மாதம் பெட்டியின் கர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, மாற்றினேன். பழைய வண்டிகளில் குறை இல்லை, புதிய இரண்டில் இழுக்கிறது. நேற்று வாளையாரில் வரிசையில் நின்றபோது கேபினில் உட்கார்ந்து பார்த்தேன். டிரைவர் சேட்டன் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டுக் காலை எடுத்தார். இன்ஜின் சத்தம் அடங்கிவிட்டது. திரையில் முள் மூன்று நொடி கழித்துத்தான் இறங்கியது. ஆயில் பிரஷர் விழுந்தாலும் இதே மூன்று நொடிதானே? அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

டாப் கட்டளை போட்டுப் பார்த்தால் சிபியு 100 சதவீதம். முதலில் ஃபிரேம்கள் (பஸ்ஸில் வரும் சிறு செய்திகள்) விடுபட்டன. வந்த ஃபிரேம்கள் காத்திருக்கும் ரிசீவ் பஃபரை 4 எம்பி ஆக்கியதும் நின்றுவிட்டது. கர்னலில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

சித்தூர் அக்கா:
தம்பி, பஃபரைப் பெரிதாக்கியபோதே நோய் முகம் மாறிவிட்டது. முன்பு விழுந்துபோன ஃபிரேம்கள் இப்போது வரிசையில் காத்துக் கிடக்கின்றன. படிக்கும் புரோகிராம் பின்தங்குகிறது, அவ்வளவுதான். முதலில் பஃபரைப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடு. எச்சரிக்கை கொடுக்கிற வேலையில் பழைய எண்ணைவிட விடுபட்ட எண் மேல்.

அப்புறம், வாளையாரில் போய் உட்கார வேண்டியதில்லை. பஸ்ஸில் ஓடுவதைப் பதியும் கேண்டம்ப்பில் பத்து நிமிடம் பதிவு செய்து எடுத்துக்கொண்டு வா. வீட்டில் ஒரு மெய்நிகர் கேன் இடைமுகம் எழுப்பி, பதிவைத் திரும்ப ஓட்டும் கேன்பிளேயரில் அதே வேகத்தில் ஓட்டு. பழைய கர்னல், புதிய கர்னல் இரண்டிலும் ஓட்டிப் பார்த்தால் பழி யார் மேல் என்று தெரிந்துவிடும்.

பஸ் மனிதன்:
250 கிலோபிட்டில் 8 பைட் ஃபிரேம்களால் பஸ் நிரம்பி வழிந்தாலும் நொடிக்கு 2,000 ஃபிரேமைத் தாண்டாது. அதற்கு ஒரு போர்டு திணறக் கூடாது. எத்தனை புரோகிராம் கேட்டுக்கொண்டிருக்கின்றன? ப்ராக் அடைவில் நெட், அதற்குள் கேன் என்று போனால் ரிசீவ் லிஸ்ட் கோப்புகள் இருக்கும். "ஆல்" என்று முடிவதில் (எல்லா ஃபிரேமையும் கேட்பவர்களின் பட்டியல்) எத்தனை வரி என்று சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
24 வரி. ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு பைதான் புரோகிராம் எழுதியிருந்தேன். புதிய வண்டியில் நொடிக்கு 900 ஃபிரேம் ஓடுகிறது, பழையதில் 200தான். அக்கா சொன்னபடி பழைய கர்னலிலும் ஓட்டினேன், அதே தாமதம். கர்னல் மாற்றிய வாரத்தில்தான் புதிய வண்டிகளும் வந்தன. இரண்டையும் நான்தான் முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

பஸ் மனிதன்:
அப்படியென்றால் கதை அங்கேதான். ஒரு புரோகிராம் பஸ்ஸைக் கேட்கும் வாசலான கேன் ரா சாக்கெட்டைத் திறந்து, எந்த ஐடி (ஃபிரேமின் அடையாள எண்) வேண்டும் என்ற ஃபில்டர் எதுவும் சொல்லாவிட்டால், கர்னல் அதற்கு பஸ்ஸில் வரும் எல்லாவற்றையும் கொடுக்கும். 900 ஃபிரேம், 24 சாக்கெட்: நொடிக்கு 21,600 ஒப்படைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பைதான் எழுந்து, ஐடியைப் பார்த்து, "எனக்கில்லை" என்று தூக்கிப் போடுகிறது. ஒற்றை கோர் பாவம்.

24ஐயும் ஒன்றாக்குங்கள். ஒரே சாக்கெட்டில் பல ஃபில்டர் வைக்கலாம், ஆர்பிஎம்முக்கு ஜே1939 செய்தி எண் 61444, கூலன்ட்டுக்கு 65262 என்று தேவையானதை மட்டும். இன்னொன்று: ஐடியின் எந்தெந்த பிட்டை ஒப்பிட வேண்டும் என்று சொல்லும் மாஸ்கில் 29 பிட்டும், கூடவே நீட்டித்த ஐடி, ஆர்டிஆர் என்ற இரண்டு கொடிகளும் முழுதாக இருந்தால்தான் கர்னல் அந்த ஐடியை நேரே ஹேஷ் அட்டவணையில் தேடும். அனுப்புபவரின் முகவரி எதுவானாலும் சரி என்று கடைசி 8 பிட்டை விட்டுவிட்டால், "ஃபில்" பட்டியலில் சேர்ந்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வரிசையாக ஒப்பிடப்படும். பத்து ஃபில்டருக்கு அது பெரிய சுமையில்லை. நூறு சாக்கெட்டில் நூறு வைத்தால் தெரியும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஒரே புரோகிராமாக்கி, 11 ஃபில்டர் வைத்தேன். சிபியு 9 சதவீதம். இன்று காலை அதே வண்டியில், அதே சேட்டன் காலை எடுத்தார். முள் சத்தத்தோடு சேர்ந்தே இறங்கியது. "இப்போள் சரியாயி" என்றார், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆனால் "ஆல்" பட்டியலில் இன்னும் ஒரு வரி நிற்கிறது. பஸ்ஸுக்கு அனுப்ப மட்டும் வைத்திருக்கும் புரோகிராம் அது, எதையும் படிப்பதில்லை.

சித்தூர் அக்கா:
படிக்காவிட்டாலும் அதன் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டேதான் இருக்கும், தம்பி. அந்தச் சாக்கெட்டுக்குக் காலியான ஃபில்டர் பட்டியலைக் கொடு, நீளம் பூஜ்யம். கர்னல் அதற்கு ஒன்றும் தராது, அனுப்புவது வழக்கம்போல் நடக்கும்.