அம்மாவின் வாதமும் என் பித்தமும்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த என் அம்மாவுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் முழங்கால் குடைச்சலும் வயிற்றுப் பொருமலும் விட்டபாடில்லை. பனிமூட்டம் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல்வரை இறங்கும் நாட்களில் கால்கள் குளிர்ந்து, இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடப்பார். கடந்த ஆண்டு அவரை வெதமாத்தயா (ஆயுர்வேத வைத்தியர்) ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். நாடி பார்த்தவர் மருந்தைப் பற்றிப் பேசாமல், காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு, சூடாகவா ஆறிய பிறகா என்றே நெடுநேரம் விசாரித்தார்.

விடியலில் வெறும் வயிற்றில் சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்), பிறகு கோதுமை மா ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும், பகலுக்கும் அதே ரொட்டி ஆறிப்போய். மலையகத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கக்கூடிய பதிலையே அம்மா சொன்னார். ஆயுர்வேதம் உடலில் காணும் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில், வறட்சியும் குளிர்ச்சியும் வாதத்தின் குணங்கள் என்பதால், காய்ந்து ஆறிய உணவும் தேயிலையின் துவர்ப்பும் மலைக்காற்றும் சேர்ந்து அதையே வளர்த்திருக்கின்றன என்று வெதமாத்தயா விளக்கினார். இனிப்பு, புளிப்பு, உப்பு ஆகியவை வாதத்தைத் தணிக்கும். கைப்பு, துவர்ப்பு, கார்ப்பு ஆகியவை அதைக் கூட்டும். ஆனால் அம்மா இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்பதால், உப்பைக் கூட்டவும் கூடாது, மாத்திரையை நிறுத்தவும் கூடாது என்று அழுத்திச் சொன்னார். அந்தப் பொறுப்புணர்வுக்காகவே அவர்மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

அதன்பின் காலையில் தேங்காய்ப்பால் விட்ட சிவப்பரிசிக் கஞ்சியை, சிறிது இஞ்சியும் பூண்டும் சேர்த்து, சூட்டோடு கொடுத்தோம். சாயத்தண்ணி சாப்பாட்டுக்குப் பிறகுதான். இரவு உணவையும் குறைத்தோம். வயிற்றில் இரண்டு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு வாயுவுக்கும் என்பது பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் கூறும் அளவு. இரண்டு மாதங்களில் பொருமல் நின்று உறக்கம் வந்தது. முழங்கால் வலி சற்றே தணிந்தது, முற்றாக நீங்கவில்லை.

நல்லதென்று நானும் அதே கஞ்சியைக் குடித்ததில் நெஞ்செரிச்சலும் வாய்ப்புண்ணும் வந்தன. என்னுடையது பித்த உடம்பு, பூண்டின் சூடு எனக்கு ஆகாது என்று வெதமாத்தயா சொல்லி, வல்லாரைச் சாறு சேர்த்த இலைக்கஞ்சியைக் குடிக்கச் சொன்னார். பசியோடு நெடுநேரம் இருக்கவும் வேண்டாம் என்றார். இப்போது எங்கள் அடுப்பில் காலையில் இரண்டு சட்டிகள் ஏறுகின்றன. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் என் அண்ணியும் ஆறிய ரொட்டியை விட்டுவிட்டு, அம்மாவின் சட்டியிலிருந்து ஒரு பிளாஸ்க் கஞ்சியை ஊற்றிக்கொண்டு போகிறார்.