மாடித் தண்ணி பைப் அடைப்பு: நீங்களே ஏறுறீங்களா, ஆளைக் கூப்பிடுறீங்களா? உங்க அனுபவத்தை எழுதுங்க

லாஸ்பேட்டை வாசி:
ஃபெஞ்சல் புயல் அன்னைக்கு நடந்தது இது, இப்பவும் பெருமழை புடிச்சா வலது கை தானா மடங்கிக்குது, அதான் எழுதறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி, அந்த 24 மணி நேரத்துல புதுச்சேரில 46 செ.மீட்டருக்கு மேல பெஞ்சுது, உங்க எல்லாருக்கும் தெரியும். எங்க மாடில ரெண்டு அவுட்லெட், பக்கத்து வீட்டு வேம்பு கொட்டுறதெல்லாம் எங்க தளத்துலதான். ஹால் சீலிங்ல சொட்ட ஆரம்பிச்சதும் மேல ஓடுனேன், கெண்டைக்கால் அளவு தண்ணி நிக்குது. கரண்ட் இல்ல. டார்ச்ச வாயில கவ்விகிட்டு மூலைல மண்டி போட்டு கைய விட்டேன். இலை, பால் கவர், எந்தப் பையனோ விட்ட பட்டத்தோட நூலு, எல்லாம் ஒரே பந்தா சுத்திகிட்டிருந்தது, புடிச்சு இழுத்தேன் பாருங்க, அடைப்பு விட்ட அந்த நொடி தண்ணி என் கையையும் சேர்த்து உள்ள இழுத்துது. முழங்கை வரைக்கும். 4 இன்ச் பைப்புல மோதிர விரல் எங்கயோ மாட்டிகிச்சு, மூஞ்சி தண்ணிக்கு நாலு விரக்கடை மேல இருக்கு, அந்தக் காத்துல கத்துனா கீழ இருக்கறவங்களுக்கு எப்படிக் கேக்கும். கல்யாண மோதிரம் கழண்டு பைப்புக்குள்ள போனப்பறம்தான் கை வெளிய வந்துது.

அக்டோபர்லயே ஒருத்தர் வந்து 700 ரூபா கேட்டார். நானே பாத்துக்கறேன்னு அனுப்பிட்டேன்.

கடலூர் ஓ.டி. ஓட்டு வீடு:
உங்களுக்கு உங்க கையோட போச்சு சார், நான் இன்னொருத்தர் கையப் பத்தி சொல்லணும். நிவர் புயல் வருதுன்னு டிவில சொன்ன அன்னைக்கு, 2020ல. எங்களுது மாமனார் காலத்து ஓட்டு வீடு, தாவாரம் முழுக்க தண்ணி போக தகரம் அடிச்சிருக்கு, பூவரச இலை விழுந்து மக்கி மண்ணாவே ஆயிடுச்சு. வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. தெருவுல போன பெரியவர் ஒருத்தரை நான்தான் கூப்பிட்டேன், அறுபது வயசு இருக்கும், 500 ரூபா பேசினோம். தூறல்லயே ஏறிட்டார். பாசி புடிச்ச ஓட்டுல கால் வச்சதும் வழுக்கிடுச்சு, விழாம இருக்க அந்தத் தகரத்தையே புடிச்சுகிட்டார். தகரம் வளைஞ்சு தொங்குது, அவரும் தொங்குறார், விளிம்புல கை கிழிஞ்சு ரத்தம் மழைத்தண்ணியோட என் வாசக் கோலத்து மேல சொட்டுது. எதிர் வீட்டுப் பசங்க ஓடி வந்து காலைத் தாங்கி எறக்குனாங்க. "ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் மஞ்சத்தூள் குடு"ன்னார். ஆட்டோ வச்சு கூட்டிட்டுப் போய் ஏழு தையல். காசு குடுத்தேன், சாப்பாடு குடுத்தேன், ஆனா ஏணிய நான் புடிக்கலயே, உள்ள காபி போட்டுகிட்டிருந்தேனே. அது போக மாட்டேங்குது.

வண்டிப்பாளையம் சிவில்:
ரெண்டு பேருமே தப்பு நேரத்துல பண்ணியிருக்கீங்க, அதச் சொல்லாம இருக்க முடியல. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும், அப்ப வேலை செப்டம்பர்ல முடிஞ்சிருக்கணும். நான் ஒரு வாட்டி தானே புயலுக்கு மறுநாள், 2011 கடைசில, ஆஸ்பெஸ்டாஸ் சீட் மேல கால் வச்சு இடுப்பு வரைக்கும் உள்ள போயிருக்கேன், அதுலேர்ந்துதான் இவ்ளோ சொல்றேன். ஆஸ்பெஸ்டாஸ் மேல மிதிக்கவே கூடாது, பாக்க உறுதியா இருக்கும், நொறுங்கிடும். ஏணி போட்டா 4 அடி உயரத்துக்கு 1 அடி கால் தள்ளி இருக்கணும், மேல் நுனி கூரைய விட்டு 3 அடி ஒசந்து நிக்கணும், கயிறு போட்டுக் கட்டணும். கரண்ட் ஒயர் வீட்டுக்குள்ள வர்ற பக்கத்துல அலுமினிய ஏணி வேணவே வேணாம், மூங்கில் ஏணி கூட நனைஞ்சிருந்தா ஷாக் அடிக்கும். கம்பி விட்டு மேலேர்ந்து குத்தாதீங்க, அடைப்பு பைப் வளையுற பெண்டுல போய் இறுகிடும், கீழேர்ந்து ஓஸ் விட்டு தண்ணி ஏத்துங்க. பைப் வாய்ல போடற தட்டை ஜாலிய ஒரே ஒரு பூவரச இலை மூடிடும், குமிழ் மாதிரி மேல தூக்கினாப்ல இருக்கறத வாங்கி மாட்டுங்க. வேம்பு மாசி பங்குனில இலை கொட்டும், அப்ப ஒரு தரம் கூட்டணும். அப்பறம் 2003லயே தமிழ்நாட்டுல எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆயிடுச்சு, நிறைய பேர் பைப்ப தொட்டில விட்டதோட மறந்துட்டாங்க, தொட்டில மணல் இறுகிப் போனாலும் மேல தண்ணி நிக்கும், மாடிய மட்டும் பாத்துகிட்டிருந்தா ஆகாது. லாஸ்பேட்டை சார், 1000 சதுர அடி தளத்துல ஒரு அடி தண்ணி நின்னா 28 டன். வீடு தாங்குனது உங்க அதிர்ஷ்டம்.

கடலூர் ஓ.டி. ஓட்டு வீடு:
அண்ணா நான் யோசனை கேக்கல. அந்தப் பெரியவரப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலயே நீங்க.

வில்லியனூர் பெயிண்டர்:
நான் பெயிண்டிங் வேலை, மழைக்கு முன்னாடி இந்த பைப் வேலையும் பாப்பேன், அதனால எங்க பக்கமும் கேளுங்க. புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கு எனக்கு இருபது போன் வரும். எல்லாருக்கும் இன்னைக்கே வேணும். போக மாட்டேன்னா அன்னைக்குக் கூலி போச்சு, போனா ஈரத்துல ஏறணும். அக்கா, அவர் தூறல்ல ஏறுனது உங்களால மட்டும் இல்ல, அன்னைக்கு வேற வேலை இருந்திருக்காது அவருக்கு.

ஏணி புடிக்கிறதப் பத்தி சொன்னீங்க பாருங்க. முத்தியால்பேட்டைல ஒரு வீடு, ரெண்டு வருசம் முன்னாடி. பாட்டி ஒருத்தங்க, எண்பது இருக்கும், நான் வேணாம் வேணாம்னு சொல்லியும் ஏணிக் கால ரெண்டு கையாலயும் புடிச்சுகிட்டு ஒரு மணி நேரம் வெயில்ல நின்னாங்க. அவங்க பலத்துக்கு ஏணி நிக்கப் போறதில்ல, எனக்குத் தெரியும். ஆனா "தம்பி, இடது கால் பாத்து வையி"ன்னு கீழேர்ந்து சொல்லிகிட்டே இருந்தாங்க. எத்தனையோ வீட்டுல ஏறியிருக்கேன், மேல இருக்கறவன் என்ன பண்றான்னு அண்ணாந்து பாத்தது அவங்க மட்டும்தான். இந்த வருசம் போனேன், வீடு பூட்டியிருக்கு.

புதுப்பாளையம் பொண்ணு:
எங்க அப்பாவுக்கு 68. நான் ஆபீஸ் போனதும் ஏறிடுவார், ஆள வச்சா அவருக்கு மானக்கேடு. போன வாரம் சீக்கிரம் வந்துட்டேன், மொட்டை மாடி கைப்பிடிச் சுவத்துக்கு அந்தப் பக்கம், சன்ஷேட்ல உக்காந்துகிட்டு இருக்கார், கால் ரெண்டும் அந்தரத்துல. கூப்பிட்டா பதறித் திரும்புவாரோன்னு கூப்பிடவும் முடியல, பத்து நிமிசம் வாசல் கேட் கிட்ட மூச்சு விடாம நின்னேன். சிவில் அண்ணா, நீங்க சொன்னதெல்லாம் அவருக்கும் தெரியும், முப்பது வருசம் கொத்தனார் வேலை பாத்தவர். பெயிண்டர் அண்ணா, செப்டம்பர்ல கடலூர் வரைக்கும் வருவீங்களா? அப்பா கீழ நின்னு ஏணி புடிக்கட்டும், புடிக்க ஆள் வேணும்னு நீங்க கேட்டா வருவார்.

வில்லியனூர் பெயிண்டர்:
வர்றேன்மா. வெயில் நாளா பாத்து சொல்லு. அப்பா கொத்தனார்னா தண்ணி ஓடற வாட்டம் சரியா இருக்கான்னு அவரையே பாக்கச் சொல்றேன், கீழேர்ந்துதான்.

லாஸ்பேட்டை வாசி:
பெயிண்டர் தம்பி, எனக்கும் ஒரு நாள் ஒதுக்குங்க. அந்த பைப்ப கீழ பெண்டுகிட்ட கழட்டிப் பாக்கணும், மோதிரம் இன்னும் அங்கதான் எங்கயோ இருக்கு. ஏணிய நான் புடிக்கிறேன்.