மெழுகு வண்ண ஓவியத்தில் வெள்ளைப் படலம்: பூஞ்சையா, வேறு ஏதாவதா?

வட்டக்கானல் கேட்டது:

வணக்கம். கொடைக்கானல் வீட்டில் உள்ள ஒரு சின்னத் தாள் ஓவியம் பற்றிய கேள்வி. 21 × 15 செ.மீ., ஒரு சேவல். கறுப்பு மையில் கோடு, அதன்மேல் மெழுகு கிரேயான் அழுத்திப் பூசியது. கீழே அந்தோனியோ லிகாபூயே என்ற இத்தாலிய ஓவியரின் கையெழுத்து. கண்ணாடி படத்தோடு ஒட்டியே இருக்கிறது, பின்னால் ஹார்ட்போர்டு, மேல் ஓரத்தில் செலோடேப். இந்த ஐப்பசி மழையில் சிவப்பு, அடர் பழுப்புப் பகுதிகளில் வெள்ளையாகப் பொடி படர்ந்திருக்கிறது. தாளின் ஓரத்தில் ஆறேழு பழுப்புப் புள்ளிகள். ஈரத் துணியால் துடைக்கலாமா? பிரேமை எப்படி மாற்றுவது? கையெழுத்து உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

குறிஞ்சி:

துடைக்காதீர்கள். முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். கிரேயானில் உள்ள கொழுப்பு அமிலங்கள் மெல்ல மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். குளிர்ந்த அறையில் இது அதிகம் நடக்கும். பழைய சாக்லேட்டின் மேல் வெளுப்பு படிவது போலத்தான். படத்தைக் கெடுத்த நோய் அல்ல அது.

10 மடங்கு லென்ஸ் வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மெழுகுப் பூப்பு கிரேயான் கோட்டின் மேல் மட்டும் இருக்கும். கோடு முடிகிற இடத்தில் அதுவும் நின்றுவிடும். பூஞ்சைக்கு எல்லை தெரியாது. வண்ணம், வெறும் தாள், கண்ணாடியின் உள்பக்கம் எல்லாவற்றிலும் வட்ட வட்டமாகப் படரும், நூல் நூலாகத் தெரியும்.

சந்தேகம் தீரவில்லையா? ஊசி முனையில் துளி பொடி எடுத்து ஒரு ஸ்பூனில் வைத்து, கொதிக்கும் தண்ணீரின் மேல் காட்டுங்கள். கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்; அதுவே போதும். கொழுப்பு அமிலம் 60-70 டிகிரியில் உருகிப் பளபளக்கும். பூஞ்சை அப்படியே கிடக்கும். இந்தச் சோதனை ஸ்பூனில் மட்டும். படத்தின் பக்கம் சூடே வேண்டாம். ஹேர் டிரையர் காட்டினால் கிரேயான் இளகி இழுபட்டுவிடும்.

பழுப்புப் புள்ளிகளை விட்டுவிடுங்கள். தாளில் கலந்த இரும்புத் துகளும் ஈரமும் பூஞ்சையும் சேர்ந்து வருவது அது. பிளீச்சிங் பவுடர் போட்டால் புள்ளி வெளுக்கும், தாளின் நார் இற்றுப்போகும்.

சட்டகம்:

படத்தை வெளியே எடுப்பதிலிருந்து சொல்கிறேன். கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி மெத்தென்ற துணியில் வைத்து, பின் ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுங்கள். செலோடேப்பை இழுக்காதீர்கள். அது தாளின் மேல்தோலையும் கூட்டிக்கொண்டு வரும். ஹார்ட்போர்டு பக்கமாக பிளேடு விட்டு அறுத்து, டேப்பின் மிச்சத்தைத் தாளிலேயே விடுங்கள். கண்ணாடியோடு மெழுகு ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் நல்லது.

பிறகு உலர்த்தல். வெயில் கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் படம் மேலே பார்க்கும்படி வைத்து, துணிப்பையில் 20 கிராம் சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரப்பத மானியும் போடுங்கள். 50 சதவீதத்துக்கு வந்ததும் ஜெல்லை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் தாள் அதிகம் காய்ந்து சுருளும். படத்தின் முகத்தில் பாரம் ஏற்றாதீர்கள், மெழுகு மேலே வைத்த தாளுக்கு மாறிவிடும். பூஞ்சையாக இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகே, முகக்கவசம் போட்டு, ஆட்டுமுடித் தூரிகையால் ஓரம் நோக்கித் தள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது தொட்டால் தாளுக்குள் அப்பிக்கொள்ளும். மெழுகுப் பூப்புக்கும் அதே தூரிகைதான், ஆனால் இறகு படுவது போல. சில மாதத்தில் திரும்பவும் பூக்கும், பயப்பட வேண்டாம்.

புது பிரேமில் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமற்ற மவுண்ட் போர்டு (நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை), குறைந்தது 3 மி.மீ. கனம். படம் கண்ணாடியைத் தொடவே கூடாது. ஹார்ட்போர்டுக்குப் பதில் சன்பேக் ஷீட் (உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை). அது ஈரம் குடிக்காது. படத்தை ஒட்ட வேண்டாம், நான்கு மூலைக்கும் தாள் பை செய்து செருகினால் போதும்.

வட்டக்கானல்:

பிரேம் கடையில் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். பூச்சி வராதாமே?

சட்டகம்:

வேண்டவே வேண்டாம். மயில்துத்தத்தில் உள்ள செம்பு தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். மைதாவின் புரதம் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஒட்டியே ஆக வேண்டுமென்றால் புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு, 20 நிமிடம் விடாமல் கிளறிக் காய்ச்சி வடிகட்டி, ஜப்பானியத் தாள் துண்டால் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடம். நாப்தலீன் உருண்டையும் பிரேமுக்குள் போடாதீர்கள்.

மலைச்சாரல்:

கையெழுத்து விஷயம். லிகாபூயே 1899-இல் சூரிக்கில் பிறந்து, 1919-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வெளியேற்றப்பட்டு, இத்தாலியில் போ நதிக்கரையில் உள்ள குவால்தியேரி என்ற ஊருக்கு வந்தவர். 1965-இல் அங்கேயே இறந்தார். ஓவியப் பள்ளிக்குப் போகாதவர். சேவல், புலி, சண்டையிடும் மிருகங்கள், தன்னுருவம் என்று வரைந்து தள்ளியிருக்கிறார். அதனால்தான் போலிகளும் நிறைய. கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள், போலி செய்பவன் முதலில் பழகுவதே அதைத்தான்.

வீட்டிலிருந்தே சிலவற்றைக் கழிக்கலாம். லென்ஸில் நான்கு நிறப் புள்ளிகள் ரோஜா இதழ் போல வட்டமாகத் தெரிந்தால் அது அச்சுப் பிரதி. அந்த வெள்ளை மெழுகுப் பூப்புதான் என்றால் உங்களுடையதில் உண்மையான மெழுகு இருக்கிறது. அது யார் கை என்பதைச் சொல்லாது. இருட்டறையில் புற ஊதா விளக்கு காட்டிப் பாருங்கள். தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் உண்டு. 1950-க்குப் பிறகே அது தாளில் பரவலானது. ஆகவே படத்தில் 1930 என்று எழுதியிருந்து தாள் ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். மேற்கொண்டு இத்தாலியில் அவரைப் பற்றி ஆய்ந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். முன், பின், நான்கு ஓரம் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

குறிஞ்சி:

சட்டகம் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். கண்ணாடிக்குப் பதில் 3 மி.மீ. அக்ரிலிக் போடுங்கள். மலைக் குளிரில் கண்ணாடி சீக்கிரம் சில்லிட்டு உள்பக்கம் வியர்க்கும். அக்ரிலிக்கில் அது குறைவு. கரித்தூள் படமென்றால் அதன் நிலைமின்சாரம் தூளை இழுத்துவிடும். கிரேயானுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

வீட்டின் வெளிப்பக்கக் கல் சுவரில் மாட்டாதீர்கள், கணப்படுப்புக்கு மேலேயும் வேண்டாம். உள்சுவரில், பிரேமின் கீழ் மூலைகளில் 5 மி.மீ. கார்க் துண்டு ஒட்டிக் காற்று ஓட விடுங்கள். பின்புறத்தை டேப் போட்டு மூடுவதை மாசி வரை தள்ளிப்போடுங்கள். இப்போது மூடினால் இந்த மழையின் ஈரத்தையும் சேர்த்து உள்ளே அடைத்ததாகிவிடும்.