நீண்டகாலக் குடும்ப ஆய்வுத் தரவு: இத்தனை எடைகளில் எதை எடுப்பது? நிறையப் பேருக்கு ஏன் பூஜ்யம்?

செங்காங்_வாணி:

எல்லாருக்கும் வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முதுகலை படிக்கிறேன். ஆய்வுக் கட்டுரைக்கு பிரிட்டனின் ‘அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி’ தரவை எடுத்திருக்கிறேன். 2009இல் ஏறக்குறைய 40,000 வீடுகளோடு தொடங்கி, அதே ஆட்களை ஆண்டுதோறும் தேடிப் போய்க் கேள்வி கேட்கிறார்களே, அதுதான். நம் ஊர்த் தரவை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். சிங்கப்பூர் லைஃப் பேனல் 2015 முதல் மாதாமாதம் நடக்கிறது, அருமையான தரவு, ஆனால் அது 50 வயதைத் தாண்டியவர்களை மையமாக வைத்தது. எனக்கு வேண்டியது முப்பது, நாற்பது வயதுப் பெண்கள்.

என் கேள்வி இதுதான்: வீட்டில் அம்மாவோ மாமியாரோ படுக்கையில் விழுந்துவிட்டால், பார்த்துக்கொள்ளும் இந்திய வம்சாவளிப் பெண்ணின் வேலை நேரம் எவ்வளவு குறைகிறது, மன அழுத்தம் எவ்வளவு கூடுகிறது? நம்மைப் போல வீட்டோடு பணிப்பெண் வைத்துக்கொள்வது அங்கே அபூர்வம் என்பதால் அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பது தெளிவாகத் தெரியும் என்று நம்புகிறேன்.

எல்லாரிடமும் ஒருமுறை கேட்டு முடிப்பது ஒரு சுற்று. அதில் இரண்டாம் சுற்றிலிருந்து ஒன்பதாம் சுற்றுவரை எடுத்துக்கொண்டேன். கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு சுற்றிலும் எடை மாறிகள் (ஒருவரின் பதிலை எத்தனை பேரின் பதிலாக எண்ண வேண்டும் என்று சொல்பவை) வரிசையாக நிற்கின்றன, பெயரெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. வழிகாட்டிப் பேராசிரியர் “எடை போட மறக்காதே” என்பதோடு நிறுத்திக்கொண்டார். வகுப்புத் தோழர் ஒருவர் ரிக்ரெஷனுக்கு (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு) எடையே வேண்டாம் என்கிறார். எல்டபிள்யூ என்று முடியும் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், நிறையப் பெண்கள் காணாமல் போய்விட்டார்கள், அவர்கள் எடை பூஜ்யம். அவர்களை நீக்கிவிடலாமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

புக்கிட்_பாத்தோக்_கணக்கு:

நீக்காதேம்மா. அந்தப் பூஜ்யம் யார் யாருக்கு விழுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் உன் ஆய்வில் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பெயரை எழுத்து எழுத்தாகப் படி. முதல் எழுத்து சுற்று: ஒன்றாம் சுற்று ஏ, இரண்டு பி, இப்படியே ஒன்பதுக்கு ஐ. அப்புறம் ‘இண்ட்’ என்று வந்தால் தனிநபர். அதற்கடுத்த இரண்டெழுத்து எந்தப் பேட்டி என்பதைச் சொல்லும். ஐஎன் என்றால் அவரே கொடுத்த முழுப் பேட்டி, பிஎக்ஸ் என்றால் அவருக்குப் பதிலாக வீட்டில் இன்னொருவர் சொன்னதும் சேர்ந்தது, எஸ்சி என்றால் தானே நிரப்பிய பகுதி. அடுத்த இரண்டெழுத்து மாதிரி (ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த ஆட்கள்) எங்கே தொடங்குகிறது என்பது. யுஎஸ் என்றால் 2009 மாதிரியின் முதல் சுற்றிலிருந்து, யுபி என்றால் இரண்டாம் சுற்றில் வந்து சேர்ந்த பழைய பிரிட்டிஷ் குடும்பப் பேனலையும் (1991இல் தொடங்கியது) சேர்த்து, யுஐ என்றால் ஆறாம் சுற்றில் புதிதாகச் சேர்த்த குடியேறிகள், சிறுபான்மையினர் மாதிரியையும் சேர்த்து. கடைசி இரண்டெழுத்து எக்ஸ்டபிள்யூ என்றால் அந்த ஒரு சுற்றுக்கு மட்டும், எல்டபிள்யூ என்றால் நீண்டகாலம்.

எதை எடுப்பது? நீ பயன்படுத்தும் சுற்றுகளில் கடைசிச் சுற்றின் எடை. நீ பயன்படுத்தும் மாறிகளில் மிகக் குறைந்த பேர் பதில் சொன்ன பகுதியின் எடை. வேலை நேரம், யாரைப் பார்த்துக்கொள்கிறாய் என்பது இரண்டும் முழுப் பேட்டியில் வருவது, அதோடு நின்றால் ஐஎன் போதும். ஆனால் மன அழுத்தத்துக்கு ஜிஎச்க்யூ என்ற மனநலக் கேள்வித்தாளின் 12 கேள்விகளை எடுக்கப் போகிறாய் அல்லவா? அது தானே நிரப்பும் பகுதியில் இருக்கிறது. பேட்டிக்கு உட்கார்ந்த எல்லாரும் அதை நிரப்புவதில்லை. ஆகவே உனக்கு எஸ்சி எடை. இரண்டிலிருந்து ஒன்பது என்றால் ஒன்பதாம் சுற்றின் எஸ்சி, யுபி, எல்டபிள்யூ. ஒரு பெண்ணுக்குரிய அந்த ஒரே எண்ணை, சுற்றுக்கு ஒன்றாக அவருக்கு இருக்கும் எட்டு வரிகளிலும் போட வேண்டும்.

வேலை நேரத்துக்கு ஒரு எடை, ஜிஎச்க்யூவுக்கு ஒரு எடை என்று தனித்தனியாக இரண்டு ஆய்வாகச் செய்தாலும் தப்பில்லை, சொல்லிவிட்டுச் செய்.

ஜூரோங்_பொருளியல்:

வகுப்புத் தோழர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். சராசரி, விகிதம் சொல்லும்போது எடை கட்டாயம், அதில் பேச்சே இல்லை. ரிக்ரெஷனில், மாதிரி எடுத்த விதத்துக்குக் காரணமான விஷயங்களை (இனம், பகுதி, வயது) மாடலுக்குள்ளேயே போட்டுவிட்டால் எடை இல்லாமலும் சரியான விடை வரலாம், எடை போட்டால் திட்டப்பிழை (விடை எவ்வளவு தள்ளாடும் என்று காட்டும் அளவு) பெருகும். வாணி ஒரே ஆளை வெவ்வேறு சுற்றுகளில் அவரோடேயே ஒப்பிடும் ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸ் மாடல் போடுகிறார் என்றால் மாறாத குணங்கள் எல்லாம் தானாகவே கழிந்துவிடும். நான் எடை இல்லாமல்தான் தொடங்குவேன்.

புக்கிட்_பாத்தோக்_கணக்கு:

நீங்கள் சொல்வது எல்லாருக்கும் விளைவு ஒரே அளவு என்றால் சரி, அண்ணா. இங்கே அப்படி இருக்க வாய்ப்பில்லை.

இந்தத் தரவில் இந்தியர்கள் எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். பொது மாதிரியில் வந்த கொஞ்சம் பேர் தவிர, முதல் சுற்றிலேயே இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேஷியர், கரீபியர், ஆப்பிரிக்கர் என்று ஐந்து சமூகத்திலும் குறைந்தது ஆயிரம் பெரியவர்களாவது வேண்டும் என்று கூடுதல் மாதிரி எடுத்தார்கள். அதை அந்தச் சமூகத்தினர் அடர்த்தியாக வாழும் பகுதிகளில்தான் எடுத்தார்கள், வேறு எப்படித் தேடுவது? அப்படியென்றால் நம்மவர் நிறைந்த தெருவில் இருப்பவர் தேர்வாகும் வாய்ப்பு அதிகம், சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் மட்டும் இருக்கும் சின்ன ஊரில் தனியாக இருக்கும் குஜராத்திக் குடும்பத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆய்வை இந்தியர்களோடு நிறுத்திக்கொண்டாலும் இந்த ஏற்றத்தாழ்வு உள்ளே இருக்கிறது. உதாரணத்துக்கு, முதல் வகைப் பெண் 500இல் ஒருவராகவும் இரண்டாம் வகைப் பெண் 2,000இல் ஒருவராகவும் தேர்வானால், எடை போடாத சராசரியில் முதல் வகைக்கு நான்கு மடங்கு குரல். அந்தத் தெருவில் அக்கம்பக்கத்து உறவுகள் மாமியாரை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளும், தனியாக இருப்பவருக்கு அது கிடையாது. வேலை நேரத்தின் மேல் வரும் விளைவே இரண்டு இடத்திலும் வேறு. ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸ் இதைக் கழிக்காது.

நம் ஊரில் 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருப்பதால் இந்த அடர்த்திப் பிரச்சினை நமக்குச் சட்டென்று உறைக்காது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர் 9 விழுக்காடு, எல்லாப் பேட்டையிலும் பரவியிருக்கிறோம்.

இரண்டு விதமாகவும் ஓட்டச் சொல்லுங்கள். விடைகள் ஒட்டிவந்தால் நிம்மதி. விலகினால் மாடலில் எதையோ விட்டிருக்கிறோம் என்று அர்த்தம், அதைத் தேட வேண்டும். ஸ்டேட்டா மென்பொருளில் அந்த ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸ் கட்டளை ஒரு ஆளுக்கு எடை சுற்றுக்குச் சுற்று மாறினால் ஏற்காது, மேலே சொன்ன மாதிரி ஒரே எடையை எல்லா வரியிலும் போட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

தோ_பாயோ_களப்பணி:

எனக்குக் கணக்கு அவ்வளவு வராது, ஆனால் இங்கே பல வருஷம் வீடு வீடாகப் போய் சர்வே எடுத்திருக்கிறேன், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே வீட்டுக்கு அடுத்த வருஷம் திரும்பப் போகும்போது யார் கிடைக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்தால் இந்த எடை எதற்கு என்று புரிந்துவிடும்.

பூன் லேயில் ஒரு வாடகை வீடு, போன முறை முழுப் பேட்டியும் கொடுத்த பெண், இரண்டு பிள்ளைகள், துப்புரவு வேலை, அதோடு நடக்க முடியாத அம்மா. அடுத்த முறை போனால் கதவில் பூட்டு, கம்பிக் கதவுக்குள் விளம்பரத் தாள்கள் குவிந்து கிடக்கின்றன. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) “அவங்க போயாச்சு, உட்லண்ட்ஸோ எங்கேயோ” என்கிறார். கைபேசி எண் வேலை செய்யவில்லை. அதே மாடியில் கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற தாத்தா, மைலோ கலக்கி வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போடுகிறார், எந்த வருஷம் போனாலும் அவர் இருப்பார். ஐந்து வருஷம் கழித்துத் தரவில் யார் மிஞ்சுவார்கள்? தாத்தா மாதிரி ஆட்கள். அந்தப் பெண்ணைப் போன்ற இன்னொருவர் எப்படியோ மிஞ்சியிருந்தால் அவர் ஒருவரே போன நாலு பேருக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. வாடகை வீட்டுக்காரர்கள், ஷிஃப்டு வேலைக்காரர்கள், இளைஞர்கள், வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள், இவர்கள்தான் முதலில் உதிர்வார்கள். முடியாதவர்களைப் பார்த்துக்கொள்கிற பெண்களிடம் பேட்டிக்கு முக்கால் மணி நேரம் கேட்பதே பெரிய விஷயம். தங்கச்சி ஆய்வு செய்யப் போவது அவர்களைப் பற்றித்தான், அதனால் முதல் சுற்று எடையைப் போட்டுவிட்டு ஒன்பதாம் சுற்று வரை போய்விடாதீர்கள், முதல் சுற்று எடைக்கு யார் உதிர்ந்தார்கள் என்று தெரியாது.

செங்காங்_வாணி:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிக்க நன்றி. அண்ணன்களுக்கும் நன்றி.

சொன்ன எடையை எடுத்து, பூஜ்யம் யாருக்கு என்று பிரித்துப் பார்த்தேன். ஒரு பகுதி, இடையில் ஏதோ ஒரு சுற்றில் பேட்டி கொடுக்காமல் விட்டவர்கள், பிறகு திரும்பி வந்திருந்தாலும் பூஜ்யம். இன்னொரு பகுதிதான் புரியவில்லை. இவர்கள் நான்காம், ஐந்தாம் சுற்றில்தான் தரவுக்குள் வருகிறார்கள், அதற்கப்புறம் ஒழுங்காகப் பேட்டி கொடுக்கிறார்கள், கல்யாணமானவர்கள், பலர் மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில். இவர்களுக்கு ஏன் எடையே இல்லை? என் கேள்விக்கு இவர்களைவிட முக்கியமானவர்கள் யார்?

புக்கிட்_பாத்தோக்_கணக்கு:

இதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன், நீயே கண்டுபிடித்துவிட்டாய்.

இந்த ஆய்வு வீட்டைத் தொடர்வதில்லை, ஆளைத் தொடர்கிறது. வீட்டு எண்ணான எச்ஐடிபி ஒவ்வொரு சுற்றிலும் புதிது, ஆள் எண்ணான பிஐடிபிதான் நிலையானது. ஆரம்பத்தில் தேர்வானவர்கள் மூல உறுப்பினர்கள், பிரிட்டனுக்குள் எங்கே போனாலும் பின்னாலேயே போவார்கள். பின்னால் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வருகிற மருமகள் தற்காலிக உறுப்பினர். மூல உறுப்பினரோடு சேர்ந்து வாழும்வரை அவரிடமும் கேட்பார்கள், ஆனால் நீண்டகால எடை பூஜ்யம், ஏனென்றால் அவர் எந்த வாய்ப்பில் தேர்வானார் என்று சொல்ல வழியில்லை. மகனைத் தேர்ந்தெடுத்தார்கள், மகன் அவரைத் தேர்ந்தெடுத்தார். ஒரே சுற்றுக்கான எக்ஸ்டபிள்யூ எடையில் வீட்டிலுள்ள மூல உறுப்பினர்களின் எடையைப் பங்கிட்டு இவருக்கும் கொடுப்பார்கள், அங்கே அவர் இருப்பார்.

ஆக நீண்டகால எடையை மட்டும் போட்டு “இந்திய வம்சாவளிப் பெண்கள் இப்படி” என்று எழுதினால், ஆய்வு தொடங்கிய பிறகு மருமகளாக வந்தவர்கள் அத்தனை பேரும் விடுபட்டிருப்பார்கள். உன்னிடம் மீதி இருப்பது பெற்ற மகள்களும், அதற்கு முன்பே மருமகளானவர்களும். இது தரவின் குறையில்லை, அந்த எடை பதில் சொல்லும் மக்கள்தொகை அதுதான். யாரைப் பற்றிப் பேசுகிறாய் என்பதை நீ முடிவு செய், எடை அதிலிருந்து வரும்.

நான் செய்தால் இப்படிச் செய்வேன். முதலில், ஒவ்வொரு சுற்றிலும் எக்ஸ்டபிள்யூ போட்டு மகளும் மருமகளும் எத்தனை மணி நேரம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு அட்டவணை. இதில் மருமகள்கள் விடுபட மாட்டார்கள். அப்புறம் மாற்றத்தைச் சொல்லும் மாடலுக்கு நீண்டகால எடை, இது யாரைப் பற்றியது என்று ஒரு வாக்கியம் தெளிவாக. ஆறிலிருந்து ஒன்பது மட்டும் என்று சுருக்கி யுஐ எடைக்குப் போனால் புதுக் குடியேறிகள் மாதிரியும் கிடைக்கும், இந்தியப் பெண்களின் எண்ணிக்கை கூடும், அதற்குள் மருமகளாக வந்தவர்களில் சிலரும் முறையாக உள்ளே வருவார்கள். வருஷங்கள் குறையும். உன் கேள்விக்கு இதுவே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இடையில் ஒரு சுற்று விட்டவர்களுக்கு வழி இருக்கிறது. கொடுத்திருக்கும் எல்டபிள்யூ எல்லாச் சுற்றிலும் விடாமல் பதில் சொன்னவர்களுக்கு மட்டும். உனக்கு ஆறும் ஒன்பதும் மட்டும் போதும் என்றால், ஆறாம் சுற்று எடையை அடிப்படையாக வைத்து, ஒன்பதில் பதில் சொன்னாரா இல்லையா என்று ஒரு லாஜிட் மாடல் (ஆம், இல்லை என்ற விடைக்கு நிகழ்தகவு கணிப்பது) போட்டு (வயது, வீடு சொந்தமா வாடகையா, வேலை, உடல்நிலை, பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எல்லாம் உள்ளே), வரும் நிகழ்தகவால் எடையை வகுத்துக்கொள். இறந்தவர்களையும் நாட்டைவிட்டுப் போனவர்களையும் பதில் சொல்லாதவர்களோடு சேர்த்துவிடாதே, அவர்கள் இப்போது அந்த மக்கள்தொகையிலேயே இல்லை.

ஜூரோங்_பொருளியல்:

மருமகள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், மாறாத குணம் என்று கழித்துவிடக்கூடியது இல்லை அது. வாணி, ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடையோடு கொத்து (ஆட்களைச் சேர்த்து எடுத்த சிறு பகுதி), அடுக்கு (தேர்வுக்கு முன் பிரித்த பெரிய பிரிவு) இரண்டையும் ஸ்டேட்டாவிடம் சொல்லுங்கள், கோப்பிலேயே பிஎஸ்யு, ஸ்ட்ராட்டா என்று இருக்கின்றன. அப்புறம், இந்தியப் பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் டெலீட் செய்யாதீர்கள். செய்தால் சில அடுக்குகளில் ஒரே ஒரு கொத்துதான் மிஞ்சும், திட்டப்பிழை வரவேண்டிய இடத்தில் வெறும் புள்ளி நிற்கும். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு சப்பாப் என்ற வசதியில் இந்தியப் பெண்கள் என்று குறிப்பிட்டால் போதும். ஆர் மென்பொருள் பயன்படுத்துபவர்கள் சர்வே பொதியில் வடிவமைப்பை முதலில் கட்டிவிட்டு அதற்கப்புறம் சப்செட் செய்ய வேண்டும், வரிசை மாறக்கூடாது. ஓட்டுவதற்கு முன்னால் மைனஸ் எண்களையும் பாருங்கள். -9, -8, -7, -2, -1 எல்லாம் விடுபட்ட பதில்களுக்கான குறியீடு, அவற்றை மாற்றாமல் விட்டால் வாரத்துக்கு மைனஸ் எட்டு மணி நேரம் வேலை பார்த்த ஆட்கள் உங்கள் சராசரியில் உட்கார்ந்திருப்பார்கள்.