பிள்ளையார் நோன்பு இழை எடுப்பதற்குள் குடும்பத்தின் வருஷக் குறிப்பு: எங்கே தொடங்குவது?

காரைக்குடிவாசி:
இந்த வருஷம் வீட்டில் கல்யாணம், ஒரு இறப்பு, வேலை மாற்றம், நெருங்கிய நண்பர்கள் இடம்பெயர்ந்தது எல்லாம் சேர்ந்து வந்திருக்கு. பிள்ளையார் நோன்புக்கு, அதாவது எங்க நகரத்தார் வீடுகளில் எரியும் திரியோடு மாவை உண்டு இழை எடுக்கும் நாளில், எல்லோரும் கூடும்போது வாசிக்க ஒரு குறிப்பு வேணும். எப்படி எழுதுவது?

தேவகோட்டை அண்ணன்:
நினைவை நம்பாதீங்க தம்பி, கடைசி மூணு மாசம்தான் மேலே நிற்கும். மொய் நோட்டு, பாஸ்புக், போன் படங்கள் மூணையும் தேதிவாரியா அடுக்குங்க. வாட்ஸ்அப்பில் சாதாரணமா வந்த படத்தில் எடுத்த தேதி தங்காது. எடுத்தவங்களையே டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க. மாசத்துக்கு ஒரு பக்கம் போதும், கல்யாணத்துக்கு மட்டும் நாலு விடுங்க. புதுப் புள்ளியின் (புதுசா கல்யாணமான தம்பதியின்) குலக் கோயில், அதன் உட்பிரிவு, இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதிய நாள், இரு வீட்டு விலாசம் (பெயருக்கு முன்னால் வரும் குடும்ப முதலெழுத்துகள்) எல்லாம் அதில் வரணும். தாத்தா பெயரே பேரனுக்கும் இருக்கும். விலாசம் இல்லாத வெறும் பெயர் பின்னால யாருக்கும் புரியாது.

ஆத்தங்குடி ஆச்சி:
இறப்புக்கு ஆங்கிலத் தேதி மட்டும் பத்தாது. தமிழ் மாசம், பட்சம், திதி மூணும் வேணும், திவசம் அதை வச்சுத்தான். மனஸ்தாபங்களை எழுதவே வேண்டாம், கூடத்தில் வாசிக்கிற நோட்டு அது! நண்பர்களுக்குப் புது ஊரும் நம்பரும் போதும்.

பள்ளத்தூர்:
கடை பில் தெர்மல் தாள். எழுத்து மங்கிப்போகும், ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்க. செலோடேப் பழுத்துக் கறையாகும், மைதாப் பசைக்குப் பூச்சி வரும். போட்டோ மூலை ஸ்டிக்கர்தான் சரி. படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்க, பால்பாயின்ட் அழுத்தினா முன்பக்கம் தடம் விழும்.