பிளேட் லோட் டெஸ்ட் பாஸ், தரை மட்டும் இறங்கிடுச்சு: உங்க சைட்ல பாத்ததைச் சொல்லுங்க

கிராவல்லோடு:
குடோன் தரை, 1.5 மீட்டர் கிராவல் ஃபில்லிங். பிளேட் லோட் டெஸ்ட்ல (மண் மேல இரும்புத் தகடு வச்சு ஜாக்கியால அழுத்தி, எவ்வளவு இறங்குதுன்னு பாக்குறது) 300 மி.மீ. பிளேட், ச.மீ.க்கு 20 டன், செட்டில்மென்ட், அதாவது இறக்கம், 3 மி.மீ.கூட வரல. முதல் மழையிலேயே ரேக் கால் நின்ன இடமெல்லாம் பள்ளம். தோண்டினா மேல 40 செ.மீ. கடப்பாறை தெறிக்குது, அதுக்குக் கீழ கம்பி கை அழுத்தத்துக்கே உள்ள போகுது. மொத்தத்தையும் ஒரே லேயரா கொட்டிட்டு மேல ரோலர் ஓட்டியிருக்காங்க. 300 பிளேட் அழுத்தம் அகலத்துல ஒன்றரை, ரெண்டு மடங்கு ஆழம்தான் போகும். அதாவது 45–60 செ.மீ.

டயல்முள்:
இங்க வேற கூத்து. லோடு அப்படியே நிக்குது, இறக்கத்தைக் காட்டுற டயல் மட்டும் ஊர்ந்துகிட்டே இருக்கு. நிமிஷத்துக்கு 0.02 மி.மீ.க்குக் குறையவே மாட்டேங்குது. திடீர்னு மேகம் மறைச்சுது, முள் பின்னாடி சுத்துச்சு! மண் எங்கயாவது எழும்புமா? டயலை மாட்டுற கம்பி இருக்கே, டேட்டம் பார், அதோட மேல்பக்கம் வெயில்ல சூடாகி வளைஞ்சிருக்கு. மேல தார்ப்பாய் கட்டினதும் அடங்கிடுச்சு.

லேயர்பைலேயர்:
கிராவல்லோடு, டெஸ்ட் மேல பழி போடாதீங்க. 20–25 செ.மீ. லேயருக்கு ஒரு தடவை சாண்ட் ரீப்ளேஸ்மென்ட் (சின்னக் குழி தோண்டி மணல் நிரப்பி, மண் எவ்வளவு இறுகியிருக்குன்னு பாக்குற டெஸ்ட்) போட்டிருந்தா அன்னிக்கே மாட்டியிருக்கும். மழையில இறங்கினதுக்கு ஆழம் மட்டும் காரணம் இல்ல. தண்ணி பத்தாம காய்ஞ்ச மண்ணை உருட்டினா டெஸ்ட்ல கெட்டியாத்தான் காட்டும், நனைஞ்சதும் பொலபொலன்னு உட்காரும். அதனால டெஸ்ட் குழியைத் தண்ணியில ஊறவிட்டு ஒரு டெஸ்ட் கூடுதலா எடுங்க.
600 மி.மீ. வட்ட பிளேட் போடுங்க. ச.மீ.க்கு 40 டன் ஏத்தணும்னா ஜாக்கிக்கு 11.3 டன் வேணும், ஜாக்கி முட்டி நிக்க மேல எதிர்பாரம் 14 டன் இருக்கட்டும். லோடு டிப்பரை நிறுத்தினா ஜாக்கியைச் சேசிஸ்ல குடுக்காதீங்க, பட்டை ஸ்பிரிங் விரிஞ்சே ஸ்ட்ரோக் தீர்ந்துடும். குழி அகலம் பிளேட்டைப் போல 5 மடங்கு. பிளேட்டுக்கு அடியில மெல்லிசா மணல் விரிச்சு மட்டம் பாருங்க. முதல்ல ச.மீ.க்கு 0.7 டன் குடுத்து எடுத்துட்டு அப்புறம் டயலை ஜீரோ வைங்க. இதை விட்டா மணல் உட்காருற கணக்கும் மண் மேல விழும்.

கிராவல்லோடு:
600 பிளேட்டுக்கும் அழுத்தம் போறது மிஞ்சினா 1.2 மீட்டர்தானே. ஃபில்லிங் 1.5. அடியில மிச்சம் 30 செ.மீ.யை எப்படிப் பாக்குறது?