அப்பா இறந்த பிறகு முதலில் எங்கே போவது?

கதிர், முசிறி:
போன வியாழக்கிழமை அப்பா வீட்டிலேயே மாரடைப்பில் இறந்துவிட்டார். வயது 53. ஒரு ஜவுளி ஆலையில் வேலை, பி.எஃப். பிடித்தம் உண்டு. வீட்டில் அம்மா, நான், கல்லூரியில் படிக்கும் தங்கை, அப்பாயி (அப்பாவின் அம்மா). வங்கிக் கணக்கில் ஒன்றரை லட்சம் போல இருக்கிறது, நாமினி நான்தான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பணம் வேண்டும். பின் நம்பர் தெரியும்தானே, ஏடிஎம்மில் எடுத்துக்கொள் என்கிறார் சித்தப்பா. எடுக்கலாமா? உயில் எதுவும் இல்லை.

வசந்தா (வங்கியில் இருந்து ஓய்வு):
எடுக்க வேண்டாம் தம்பி. கணக்குக்காரர் இறந்த பிறகு அந்த அட்டையைப் பயன்படுத்த யாருக்கும் உரிமை இல்லை, நாமினிக்கும்தான். காரியச் செலவுக்கு இப்போதைக்குக் கைமாற்று வாங்கிக்கொள்ளுங்கள். நாமினி இருப்பதால் வங்கிப் பணம் சீக்கிரமே வந்துவிடும்.

முதல் வேலை இறப்புப் பதிவு. வீட்டில் நடந்த இறப்பு, ஊராட்சிப் பகுதி என்றால் உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடமே (வி.ஏ.ஓ.) சொல்லிப் பதியலாம். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பதியும்போது ஆதார், வங்கிப் பாஸ்புக், பி.எஃப். சீட்டு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஒன்றில் 'முருகேசன்', இன்னொன்றில் 'முருகேஷ்' என்று இருந்ததால் மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களை என் மேசைக்கு எதிரே நிறையப் பார்த்திருக்கிறேன். வயதான அம்மாக்கள் ஒரு எழுத்துக்காகத் திரும்பிப் போவதைப் பார்க்க மனசு கேட்காது.

சான்றிதழ் வந்ததும் வங்கிக்குப் போங்கள். அதோடு உங்கள் அடையாள அட்டையும் கோரிக்கைப் படிவமும் போதும். நாமினி இருந்தால் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்கக் கூடாது, எல்லாம் கொடுத்த 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தப் பாஸ்புக்கில் மே, ஜூன் மாதப் பதிவுகளையும் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம் வரும். குடும்பத்துக்கே தெரியாமல் இது கிடக்கும்.

பி.எஃப்.பில் சேமிப்புத் தொகையோடு நிற்காதீர்கள். வேலையில் இருக்கும்போதே இறந்திருக்கிறார், அதனால் பி.எஃப். உறுப்பினர்களுக்கான இ.டி.எல்.ஐ. என்ற உயிர்க் காப்பீடு உண்டு, அதிகபட்சம் 7 லட்சம். அம்மாவுக்கு விதவை ஓய்வூதியம், 25 வயது வரை பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம். ஆலை அலுவலகத்தில் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

கதிர்:
ரொம்ப நன்றிம்மா. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் அப்பாயி பெயர் வேண்டாம், பின்னால் சிக்கல் என்று சொல்கிறார்கள். அப்புறம், நாமினி நான் என்பதால் பணம் எனக்குத்தானா?

இ-சேவை செந்தில்:
அப்பாயி பெயரை விடவே கூடாது. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசு. உங்கள் வீட்டில் ஆளுக்குக் கால் பங்கு. மறைத்து வாங்கிய சான்று பின்னால் ரத்தாகலாம். இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் (ஆர்.ஐ.) விசாரிப்பார்கள், அப்போது அப்பாயியும் இருக்கட்டும். அவர் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுக்க விரும்பினால், பிறகு விடுதலைப் பத்திரம் பதிந்துகொள்ளலாம்.

வசந்தா:
செந்தில் சொன்னதுதான் சரி. நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கிறவர், உரிமையாளர் இல்லை. தங்கைக்கும் அதில் உங்கள் அளவே பங்கு இருக்கிறது, அவள் படிப்புக்கு அதை ஒதுக்கி வையுங்கள். அப்பாவின் சிம்மை ஒரு வருடமாவது நிறுத்த வேண்டாம். ஏதாவது பாலிசி இருந்தால் பிரீமியம் நினைவூட்டல் அந்த எண்ணுக்குத்தான் வரும்.